கண் அசைந்தால் பிடரி ஏன் துடிக்கிறது? கண்ணும் கழுத்தும் சேர்ந்து வேலை செய்யும் விதம்

கைப்பேசியில் இப்போது அடிக்கடி கண்ணில் படும் காணொளி ஒன்று உண்டு. கழுத்துப் பிடிப்பு உள்ளவரை மல்லாந்து படுக்கச் சொல்கிறார்கள். விரல்களைக் கோத்துப் பின்தலைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். தலை அசையக் கூடாது. கண்ணை மட்டும் வலது ஓரத்துக்குக் கொண்டுபோய் 30 விநாடி நிறுத்த வேண்டும், அப்புறம் இடது ஓரம். எழுந்து உட்கார்ந்தவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, முன்பைவிட நன்றாகத் திரும்புகிறது என்கிறார். கண்ணை ஓரத்தில் வைத்தால் கழுத்து எப்படி இளகும்? இது ஏமாற்று வேலையா, உள்ளே ஏதாவது இருக்கிறதா?

இன்னொரு குழப்பமும் நம் ஊரில் ரொம்ப நாளாக இருக்கிறது. தலைசுற்றல் என்று போனால், கழுத்தை எக்ஸ்ரே எடுத்துவிட்டு, “எலும்பு தேய்ந்திருக்கிறது, அதனால்தான் சுற்றுகிறது” என்று ஒரு கழுத்துப் பட்டை கொடுத்து அனுப்புவார்கள். பட்டை போட்ட பிறகும் தலை சுற்றும். அடுத்து காது டாக்டர், அதற்கடுத்து கண் டாக்டர் என்று அலைவார்கள்.

இரண்டு குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். கண் வேறு, கழுத்து வேறு என்று நினைத்துப் பழகிவிட்டோம். மூளை அப்படிப் பிரிப்பதில்லை. “அங்கே பார்” என்று அது போடும் ஒரே உத்தரவு கண்ணுக்கும் போகிறது, கழுத்துக்கும் போகிறது. நம் மொழிக்கும் இது தெரிந்தே இருக்கிறது. அண்ணாந்து பார்த்தான், திரும்பிப் பார்த்தாள், எட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தது என்று பார்ப்பதைச் சொல்லும்போதெல்லாம் கழுத்தின் அசைவைச் சேர்த்தே சொல்கிறோம். கழுத்தை விட்டுவிட்டுக் கண் மட்டும் போனால் அதற்கென்று தனியாக ‘கடைக்கண் பார்வை’ என்ற சொல் வேண்டியிருக்கிறது.

கண் ஏன் அசைந்துகொண்டே இருக்கிறது?

விழித்திரை முழுவதும் ஒரே கூர்மையுடன் பார்ப்பதில்லை. நடுவில் ஃபோவியா என்ற சின்னக் குழி இருக்கிறது. எழுத்தைப் படிப்பது, முகத்தை அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் அந்த இடத்தால்தான். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால், நகத்தின் அகலம் ஏறக்குறைய 2 டிகிரி வரும். நாம் கூர்மையாகப் பார்க்கும் பரப்பு கிட்டத்தட்ட அவ்வளவுதான். இந்த வரியின் நடுவில் ஒரு சொல்லில் கண்ணை நிறுத்திக்கொண்டு, வரியின் கடைசிச் சொல்லைப் படிக்க முயன்று பாருங்கள். முடியாது.

அதனால் அந்த நகத்தளவு ஜன்னலைக் கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவவைத்துக்கொண்டே இருக்கிறது. விநாடிக்குச் சுமார் 3 தாவல். மருத்துவத்தில் இதற்கு சாக்கேட் என்று பெயர், இங்கே விழித்தாவல் என்றே சொல்லலாம். பெரிய தாவலில் கண்ணின் வேகம் விநாடிக்கு 500 டிகிரியைத் தாண்டும். தாவும் அந்த நேரத்தில் வரும் கலங்கலான படத்தை மூளை நம் கவனத்துக்கு விடுவதில்லை. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணைப் பாருங்கள். கண் நகர்வதை நீங்கள் பார்க்கவே முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு அது தெளிவாகத் தெரியும்.

கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்குச் சுமார் 50 டிகிரிவரை கண்ணை உருட்டலாம். ஆனால் அன்றாடத்தில் அவ்வளவு தூரம் போவதில்லை. 15, 20 டிகிரியைத் தாண்டியதுமே தலையும் கூடச் சேர்ந்துகொள்கிறது. ஓரத்தில் கண்ணை நிறுத்தி வைப்பது உடம்புக்குப் பிடிக்காத வேலை. பத்து விநாடி நிறுத்திப் பார்த்தாலே புரியும்.

இதில் யார் யாருக்கு என்ன வேலை?

1. விழித்தசைகள். ஒரு கண்ணுக்கு 6, இரண்டுக்கும் 12. நான்கு நேர்த்தசைகள், இரண்டு சாய்தசைகள். 3, 4, 6 ஆம் மண்டை நரம்புகள் (மூளையிலிருந்து நேரே கிளம்பும் நரம்புகள்) இவற்றை இயக்குகின்றன. ஒரு விழியின் எடை 7 அல்லது 8 கிராம்தான் என்பதால், சொன்ன உடனே திரும்பிவிடும்.

2. பெரிய கழுத்துத் தசைகள். தலையின் எடை சுமார் 5 கிலோ. காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்புவரை கயிறுபோல் சாய்வாக இறங்கும் தசையை நீங்களே தொட்டுப் பார்க்கலாம். அதன் பெயர் ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்ட். தலையை வலப்பக்கம் திருப்பும்போது இடப்பக்கத்துக் கயிறுதான் புடைக்கும். அதற்குத் துணையாகப் பின்பக்கம் வலதுபுறம் ஸ்பிளீனியஸ் என்ற தசை இழுக்கும்.

3. பிடரிக்குழித் தசைகள். மண்டையோடு முடிந்து கழுத்து தொடங்கும் பள்ளத்தில், முதல் இரண்டு கழுத்தெலும்புகளோடு மண்டையோட்டைச் சேர்க்கும் நான்கு ஜோடி குட்டித் தசைகள். இந்தக் கட்டுரையில் முக்கியமானவை இவைதான், பின்னால் விரிவாக வருகின்றன.

4. உட்செவி. ஒவ்வொரு காதுக்குள்ளும் மூன்று அரைவட்டக் குழல்கள் தலை சுழல்வதை அளக்கின்றன. வியப்பான பொருத்தம் ஒன்று இங்கே உண்டு: குழல்கள் அமைந்திருக்கும் தளங்களும் விழித்தசைகள் இழுக்கும் தளங்களும் ஏறக்குறைய ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. காது அளந்து சொல்வதைக் கண் அதிகம் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

5. மூளைத்தண்டு. நடுமூளையின் முதுகுப்பக்கம் சுப்பீரியர் கொலிக்குலஸ் என்று ஒரு சிறு மேடு இருக்கிறது. எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும் என்பதற்கான வரைபடம் அதில் இருக்கிறது. உத்தரவு அங்கிருந்து கிளம்பி ஒரு கிளை கண்ணுக்கும், இன்னொரு கிளை தண்டுவடத்தின் கழுத்துப் பகுதிக்கும் போகிறது.

ஒரு திரும்பலை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்

பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் இடப்பக்கம் சாலையைப் பார்த்து நிற்கிறார். வலப்பக்கம், 60 டிகிரி தள்ளி, ஒரு பேருந்தின் முகப்பு தெரிகிறது. அவர் திரும்பி எண்ணைப் படிக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே அசைவு. உள்ளே நடப்பது இது. மில்லிநொடி என்று சொல்லும்போது, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதல் 100 மில்லிநொடிக்குள் கண் இன்னும் நகரவில்லை. ஆனால் கழுத்துக்குச் செய்தி போயிருக்கலாம். குரங்குகளில் செய்து 2004-இல் வெளியான ஒரு சோதனையில், பார்வையின் ஓரத்தில் ஒரு பொருள் தோன்றிய 55 முதல் 95 மில்லிநொடிக்குள் கழுத்துத் தசைகளில் மின் அசைவு பதிவானது. கண் அந்தப் பக்கம் போகாமலே இருந்தபோதும் கழுத்து தயாரானது.

2. சுமார் 200 மில்லிநொடியில் கண் தாவுகிறது. எமிலியோ பிட்ஸியும் அவருடைய குழுவினரும் குரங்குகளில் இதை அளந்து 1971-இல் வெளியிட்டார்கள். முதலில் அசைவது கண்தான், ஆனால் முதலில் உத்தரவு வாங்குவது கழுத்து என்று அவர்கள் கண்டார்கள். 5 கிலோ தலை கிளம்ப நேரமெடுக்கும். 7 கிராம் கண் உடனே கிளம்பிவிடும். கனமான வண்டிக்கு முன்கூட்டியே விசில் ஊதுவது போன்ற ஏற்பாடு.

3. கண் பேருந்தின் எண்ணை எட்டிவிட்டது. தலை இன்னும் பாதி வழியில் இருக்கிறது.

4. தலை தொடர்ந்து திரும்புகிறது. கண் குழிக்குள் அப்படியே ஓரத்திலேயே நின்றால், தலையோடு சேர்ந்து எண்ணைத் தாண்டிப் போய்விடும். அதனால் தலை வலப்பக்கம் போகும் அதே வேகத்தில் கண் குழிக்குள் இடப்பக்கம் உருண்டு வருகிறது. அந்தப் பெண்ணுக்கு எண் அசையாமல் தெரிகிறது.

5. அரை நொடி அளவில் எல்லாம் முடிகிறது. தலை பேருந்துக்கு நேராக இருக்கிறது. கண் மறுபடி குழியின் நடுவுக்கு வந்து, அடுத்த தாவலுக்குத் தயாராக இருக்கிறது.

நான்காவது படியைச் செய்வது உட்செவி. அதையே மூன்றாவது படி முடியும்வரை மூளை அடக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணின் தாவலுக்கு எதிராகவே அது இழுக்கும். இந்த அடக்குதலும் திறந்துவிடுதலும் ஒவ்வொரு திரும்பலிலும் நடக்கிறது. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் முறை திரும்புகிறோம் என்று யோசித்தால், இது பிசகாமல் நடப்பது எனக்கு இன்றும் ஆச்சரியமாகவே இருக்கிறது.

தலை ஆடினாலும் எழுத்து ஆடாதது எப்படி?

கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்து, தலையை அசைக்காமல், கைப்பேசியை மட்டும் இடம் வலமாக நொடிக்கு இரண்டு முறை ஆட்டுங்கள். எழுத்து கலங்கிவிடும். இப்போது கைப்பேசியை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதே வேகத்தில் ‘இல்லை’ என்பதுபோல் தலையை ஆட்டுங்கள். படிக்க முடிகிறது. கண்ணுக்கும் எழுத்துக்கும் இடையில் நடக்கும் அசைவு இரண்டிலும் ஒன்றுதான். வேறுபாடு காதில் இருக்கிறது.

முதல் சோதனையில் கண், பார்த்துப் பார்த்துத் துரத்த வேண்டும். பார்வை வழியாகத் திருத்திக்கொள்ள 100 மில்லிநொடி அளவு ஆகும். இரண்டாவதில் உட்செவி தலையின் சுழற்சியை அளந்து, மூன்றே நரம்பணுக்கள் கொண்ட குறுக்கு வழியில் விழித்தசைக்கு அனுப்புகிறது. சுமார் 10 மில்லிநொடியில் வேலை முடிகிறது. இதை உட்செவி–விழி அனிச்சை என்று சொல்லலாம். டாக்டர் உங்கள் தலையைப் பிடித்துச் சட்டென்று திருப்பி, ‘என் மூக்கையே பாருங்கள்’ என்றால் இந்த அனிச்சையைத்தான் சோதிக்கிறார். ஹால்மாகியும் கர்தாய்ஸும் 1988-இல் விவரித்த சோதனை அது. கருவி எதுவும் வேண்டாம்.

இது போய்விட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு மருத்துவரே எழுதி வைத்திருக்கிறார். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தால் இரண்டு காதிலும் சமநிலை உணர்வை இழந்த அவர், பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டு 1952-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் அந்த அனுபவத்தை வெளியிட்டார். படுக்கையில் படிக்கும்போது அவருடைய நாடித்துடிப்பில் தலை லேசாக ஆடுவதே போதும், பக்கத்திலுள்ள எழுத்துகள் குதித்துக் கலங்கும். கட்டிலின் தலைமாட்டிலிருந்த இரண்டு உலோகக் கம்பிகளுக்கு நடுவே தலையை அழுத்தி நிறுத்திக்கொண்டுதான் படிக்க முடிந்தது. நம் எல்லோருடைய தலையும் ஒவ்வொரு இதயத்துடிப்பிலும் அப்படித்தான் ஆடுகிறது.

பிடரிக்குழியில் இருப்பது இழுக்கும் தசையா, அளக்கும் கருவியா?

இரண்டு கட்டைவிரல்களையும் பின்தலை எலும்புக்குக் கீழே உள்ள பள்ளத்தில் அழுத்தி வையுங்கள். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இடது ஓரம், வலது ஓரம் என்று வேகமாக மாற்றுங்கள். பலருக்கு விரலடியில் மெல்லிய துடிப்பு தெரியும். தலைதான் அசையவில்லையே, ஏன் துடிக்க வேண்டும்? கண்ணுக்குப் போன உத்தரவின் பங்கு கழுத்துக்கும் போயிருக்கிறது, அவ்வளவுதான். கண்ணை ஒரு பக்கம் நிறுத்தினாலே அந்தப் பக்கத்து ஸ்பிளீனியஸ் தசையில் மின் செயல்பாடு கூடுவதை 1980-களிலேயே மனிதர்களில் அளந்து காட்டிவிட்டார்கள்.

பரதநாட்டியத்தில் கழுத்துக்கென்று 4 பேதம், பார்வைக்கென்று 8 பேதம் தனித்தனியாகச் சொல்லிக்கொடுப்பதை இதோடு வைத்துப் பார்க்கலாம். அட்டமி (தலையைச் சாய்க்காமல் கழுத்தை இடம் வலமாக நகர்த்துவது) அடிக்கப் பழகும் பிள்ளைக்கு ஆரம்பத்தில் கழுத்தும் கண்ணும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே போகும். பிறவியிலேயே சேர்த்துக் கட்டியதைப் பிரித்துப் பழகுவதால்தான் அதற்கு அவ்வளவு நாளாகிறது.

பிடரிக்குழித் தசைகள் மிகச் சிறியவை. தலையைத் திருப்பும் பலம் பெரிதாக அவற்றிடம் இல்லை. ஆனால் அவற்றுக்குள் வேறொன்று நிறைந்திருக்கிறது. தசை எவ்வளவு நீண்டது, எவ்வளவு வேகமாக நீண்டது என்று மூளைக்குச் சொல்லும் நுண்ணிய உணரிகள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பிறக்காத சிசுக்களின் பிடரிக்குழித் தசைகளை நுண்ணோக்கியில் வைத்து எண்ணி 2001-இல் வெளியிட்டார்கள். பிடரியின் கீழ்ச்சாய்தசையில் ஒரு கிராமுக்கு 242 உணரிகள், மேல்சாய்தசையில் 190, நேர்த்தசைகளில் 98. உடம்பின் பெரிய தசைகளில் கிராமுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருக்கும். ஆக, இவற்றை இழுவைக் கயிறு என்பதைவிட அளவுகோல் என்பதே பொருந்தும். காது சொல்வது ‘தலை உலகத்தில் எப்படி அசைகிறது’ என்பதை. ‘தலை உடம்பின்மேல் எப்படி உட்கார்ந்திருக்கிறது’ என்பதைச் சொல்வது பிடரி. இரண்டும் சேர்ந்தால்தான், கண்ணில் விழும் படம் எந்தத் திசையில் இருக்கிறது என்று மூளையால் கணக்குப் போட முடியும்.

இதைப் பொய்யாக்கியும் பார்த்திருக்கிறார்கள். இருட்டறையில் அசையாத ஒரே ஓர் ஒளிப்புள்ளி. பார்ப்பவரின் பிடரித் தசை ஒன்றில் அதிர்வுக் கருவியை வைத்தால், தசை நீள்கிறது என்று உணரிகள் தவறாகச் சொல்லும். உடனே அவருக்கு அந்தப் புள்ளி நகர்வதாகத் தெரியும். புள்ளியும் நகரவில்லை, தலையும் நகரவில்லை.

கண்ணில் கோளாறு, கழுத்தில் அடையாளம்

தலையை எப்போதும் ஒரு தோள்பக்கம் சாய்த்தே வைத்திருக்கும் குழந்தைகள் உண்டு. கழுத்துச் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவுவார்கள், பயிற்சி கொடுப்பார்கள். சில குழந்தைகளில் கழுத்துத் தசையே குட்டையாக இருக்கும், அது வேறு. வேறு சில குழந்தைகளில் கோளாறு கழுத்தில் இல்லவே இல்லை.

விழியின் மேல்சாய்தசை ஒரு கப்பியில் கோத்த கயிறுபோல், மூக்கோரத்தில் உள்ள வளையத்துக்குள் நுழைந்து திரும்பி விழியைப் பிடிக்கிறது. அதை இயக்குவது 4 ஆம் மண்டை நரம்பு. விழியைச் சக்கரம்போல் உள்பக்கமாகச் சுழற்றுவதும் அதன் வேலை. தலையை வலது தோள்பக்கம் சாய்த்தால், படம் சரியாதிருக்க வலது கண் இப்படி உள்சுழல வேண்டும். வலது மேல்சாய்தசை பலவீனமாக இருந்தால் அது முடியாது, ஒன்று இரண்டாகத் தெரியும். அதனால் குழந்தை தானாகவே தலையை இடப்பக்கம் சாய்த்துவிடுகிறது. அந்தச் சாய்வில் இரண்டு படமும் ஒன்றாகிவிடும். கழுத்து நோயில் விழவில்லை, கண்ணுக்கு உதவிக்கொண்டிருக்கிறது.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: ஒரு கண்ணை மூடிவிட்டால், இரட்டைப் படம் இருக்காது, பல குழந்தைகளில் சாய்வும் குறைந்துவிடும். பெரியவர்கள் திடீரென்று இரட்டைப் பார்வையோடு வந்தால், அனுபவமுள்ள டாக்டர் பழைய போட்டோ ஆல்பத்தைக் கொண்டுவரச் சொல்வார். பள்ளிக்கூடக் குழுப் படத்திலும் கல்யாணப் படத்திலும் தலை ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், இது சிறுவயதிலிருந்தே இருப்பது, கழுத்து இத்தனை வருடம் சமாளித்து வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அவசர ஸ்கேனைவிட அந்த ஆல்பம் சில நேரம் அதிகம் சொல்லும்.

கண் அறவே அசையாதவர்கள் என்ன செய்வார்கள்? விழித்தசைகள் பிறவியிலேயே இறுகிப்போன ஓர் இளம்பெண்ணைப் பற்றி 1997-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கண் நகராதபோதும் அவரால் படிக்க முடிந்தது. தலையையே சின்னச் சின்னத் தாவலாக அசைத்து, ஒவ்வொரு சொல்லிலும் சற்று நிறுத்திப் படித்தார். கண்ணின் தாவல் எப்படி இருக்குமோ அதே வடிவத்தில் கழுத்து தாவியது. தாவிப் பார்ப்பது கண்ணின் பழக்கம் அல்ல, பார்ப்பதன் பழக்கம் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

கோழியை இரண்டு கையிலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால், உடம்புதான் போய்வரும், தலை நின்ற இடத்திலேயே நிற்கும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது பழைய விளையாட்டு. நமக்குப் பெரும்பாலும் கண் செய்யும் வேலையைக் கோழிக்குக் கழுத்து செய்கிறது. ஆந்தையின் கண் குழிக்குள் ஏறக்குறைய அசையாது. அதன் கழுத்தில் 14 எலும்புகள், நமக்கு 7.

தலைசுற்றினால் கழுத்துதான் காரணமா?

கழுத்து உணரிகள் தவறான செய்தி அனுப்பினால் தலை கிறுகிறுக்கலாம் என்பது உண்மைதான். வாகன விபத்தில் கழுத்து சுண்டியவர்கள், நாள்பட்ட கழுத்துவலிக்காரர்கள் சிலருக்குக் கண் ஒரு பொருளைச் சீராகத் தொடர்வதில் தடுமாற்றம் இருப்பதை அளந்திருக்கிறார்கள். கழுத்திலிருந்து கண்ணுக்குப் போகும் அனிச்சை ஒன்று நம்மிடம் மிக மெலிதாக இருக்கிறது. காதின் சமநிலை உணர்வை இழந்தவர்களிடம் அது பலமாகி, காதின் வேலையில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. கழுத்துவலிக்காரர்களிடமும் அது கூடியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானத்தை வைத்து தலைசுற்றலுக்குக் கழுத்தே காரணம் என்று முடிவு கட்டுவது தவறு. வயதாக ஆக எல்லோருடைய கழுத்தெலும்பிலும் தேய்மானம் தெரியும், தலைசுற்றாதவர்களுக்கும் தெரியும். சுழலும் தலைசுற்றலுக்கு மிகப் பரவலான காரணம் காதில் இருக்கிறது. உட்செவியின் ஓர் அறையில் இருக்கும் கால்சியம் துகள்கள் பெயர்ந்து அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிடுகின்றன. அண்ணாந்து மேல்தட்டு டப்பாவை எடுக்கும்போதும், படுக்கையில் புரளும்போதும், காலையில் எழும்போதும் அறையே சுழலும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். கழுத்தை அசைக்கும்போது வருவதால் கழுத்தில்தான் கோளாறு என்று தோன்றுவது இயல்பு. அசைந்தது கழுத்து, ஆனால் அதோடு காதும் அல்லவா அசைந்தது?

இரண்டையும் பிரிக்க ஒரு வழி யோசித்துப் பாருங்கள்.

1. சுழல் நாற்காலியில் உட்கார்ந்தவரின் தலையை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொண்டு, உடம்பை மட்டும் திருப்பினால், கழுத்து முறுகும், காது அசையாது. அப்போது கிறுகிறுத்தால் கழுத்தைச் சந்தேகிக்க இடமுண்டு.

2. தலையும் உடம்பும் ஒன்றாகத் திரும்பினால், காது அசையும், கழுத்து முறுகாது.

3. தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்துக் கண்ணைக் கவனிப்பது, டிக்ஸும் ஹால்பைக்கும் 1952-இல் விவரித்த சோதனை. துகள் இடம்பெயர்ந்திருந்தால் சில நொடிகளில் கண் தானாகவே துடித்துச் சுழலும்.

மூன்றாவதில் கண் துடித்தால், ஜான் எப்லி 1992-இல் வெளியிட்ட முறைப்படி தலையை வரிசையாகத் திருப்பித் துகளை அதன் அறைக்கே அனுப்பிவிடலாம். சில நிமிட வேலை, பலருக்கு ஒரே அமர்வில் தீர்ந்துவிடுகிறது. இந்தச் சோதனையைச் செய்யாமலே கழுத்துப் பட்டையோடு அனுப்பிவிடுவதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பட்டை போட்டவர் தலையை அசைக்கப் பயந்தே நடமாடுவார். அப்போது கழுத்தும் இறுகும், காதும் பழகாது.

அப்படியானால் அந்தக் காணொளி?

1. கண்ணை ஓரத்தில் நிறுத்தினால் கழுத்துத் தசைகளின் இறுக்கம் மாறுகிறது என்பது சரி. மேலே பார்த்தோம்.

2. இது, மூளையிலிருந்து இதயம், வயிறுவரை இறங்கும் ‘வேகஸ் நரம்பைத் தட்டி எழுப்புகிறது’ என்று காணொளிகளில் சேர்த்துச் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். கண்ணை இயக்குவது 3, 4, 6 ஆம் மண்டை நரம்புகள். பிடரிக்குழித் தசைகளை இயக்குவது முதல் கழுத்து நரம்பு. வேகஸ் 10 ஆவது. இந்த இயக்கப் பாதையில் அது இல்லை.

3. பயிற்சிக்குப் பிறகு கழுத்து கூடுதலாகத் திரும்புவது தெரிந்தாலும், படுத்து ஓய்வெடுத்ததாலும் அப்படி இருக்கலாம், இரண்டாம் முறை திருப்புவதாலேயே அப்படி இருக்கலாம். ஒரு நிமிட மாற்றத்தை வைத்துக் குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

4. செய்வதால் பொதுவாகக் கெடுதல் இல்லை. செய்யும்போது தலைசுற்றினால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

அலுவலகத்தில் உட்காருபவர்கள் இதைவிட முதலில் பார்க்க வேண்டியது மூக்குக் கண்ணாடியை. 45 வயதுக்கு மேல் புரோகிரசிவ் கண்ணாடி போட்டால், கிட்டத்தில் படிக்கும் பவர் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் இருக்கும். கணினித் திரை கண் மட்டத்தில் இருந்தால், அந்தக் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கியே ஆக வேண்டும். கண் கீழே பார்க்க, தலை மேலே போகிறது. நாள் முழுக்கப் பிடரிக்குழித் தசைகள் சுருங்கியே கிடக்கும், சாயங்காலம் பின்தலையில் தொடங்கி நெற்றிவரை வலி ஏறும். திரையைத் தாழ்த்துவது, அல்லது கணினி தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி வாங்குவது, இரண்டில் ஒன்று போதும்.

கழுத்தில் நெட்டி எடுப்பவர்களுக்கு

சலூனில் முடி வெட்டியதும் தலையைப் பிடித்துச் சட்டென்று இரண்டு பக்கமும் திருப்பி நெட்டி எடுப்பது பலருக்குப் பிடித்த விஷயம். அதை விட்டுவிடுங்கள். தலை இடம் வலமாகத் திரும்புவதில் ஏறக்குறைய பாதி, முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு நடுவிலேயே நடக்கிறது. வெர்டிப்ரல் தமனிகள் அதே இடத்தில்தான் வளைந்து, பிடரிக்குழித் தசைகளுக்கு அடியில் புகுந்து மண்டைக்குள் போகின்றன. மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் ரத்தம் கொண்டுபோவது அவைதான். கண்ணையும் கழுத்தையும் சேர்த்து ஓட்டும் மையங்கள் இருப்பதும் அங்கேயே. சட்டென்ற திருகலில் தமனியின் உட்சுவர் கிழிவது அரிது, ஆனால் நடந்திருக்கிறது, பக்கவாதம்வரை போயிருக்கிறது. கழுத்திலோ பின்தலையிலோ இதுவரை இல்லாத கடும் வலி, அதோடு இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், நடக்க முடியாத தள்ளாட்டம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் 108-ஐ அழையுங்கள். எண்ணெய் தேய்த்துப் பார்க்கும் நேரம் அது இல்லை.

பழக்கினால் திரும்ப வருமா?

ஒரு பக்கக் காதின் சமநிலை உணர்வு பழுதாகிப் போனவர்களுக்கு மருந்தைவிடப் பயிற்சி அதிகம் உதவும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் காது மருத்துவர் காதார்னும் உடற்பயிற்சி மருத்துவர் குக்ஸியும் காதில் அடிபட்டவர்களுக்காக வகுத்த வரிசையின் அடிப்படையை இன்றும் பிசியோதெரபிஸ்டுகள் பயன்படுத்துகிறார்கள். முதலில் தலையை அசைக்காமல் கண் மட்டும், மேலும் கீழும், இடமும் வலமும். அடுத்து கண்ணைத் திறந்துகொண்டு தலை மட்டும், மெதுவாகத் தொடங்கி வேகமாக. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு தலை. உட்கார்ந்து செய்ததைப் பிறகு நின்று செய்ய வேண்டும், பிறகு நடந்துகொண்டே.

இப்போது இதோடு ஒன்று சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஓர் எழுத்தை எழுதி, கை நீட்டும் தூரத்தில் சுவரில் ஒட்டுங்கள். அதையே பார்த்தபடி ‘இல்லை’ என்று தலையை ஆட்டுங்கள். எழுத்து கலங்கத் தொடங்கும் வேகம் வரைக்கும் போய், அதற்குச் சற்று முன்னால் நின்று, ஒரு நிமிடம் தொடருங்கள். எழுத்து வழுக்கும்போது கண்ணில் ஏற்படும் அந்தச் சிறு பிழையை வைத்துத்தான் சிறுமூளை தன் கணக்கைத் திருத்துகிறது. முதல் சில நாள் கிறுகிறுப்பு கூடத்தான் செய்யும். பலர் அங்கேயே பயந்து விட்டுவிடுகிறார்கள். அந்த நாட்களை வேகத்தைக் குறைத்துக் கடந்துவிட வேண்டும், நிறுத்திவிடக் கூடாது.